பையை விடுங்க

கார்கோ கணக்கில் பதினான்கு வருஷம்
பேரேடு பார்த்தவன் என் புருஷன் குணாளன்.
மூன்று நாள் பயிற்சி,
கழுத்தில் ‘தன்னார்வலர்’ என்று புது அட்டை.
ஞாயிறு காலை அந்தமானுக்குப் போகிறான்,
நான் நிற்க வேண்டிய கதவருகே நின்று.

எனக்கு வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி,
வீட்டுக்கு ஒரே வாசல்.
அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து
உறைபோட்ட அட்டையை முணுமுணுக்கிறான்:
பெல்ட்டைக் கழற்றுங்க, பையை விடுங்க, இப்படி வாங்க.
கீழே ஒரு கன்டெய்னர் லாரி
அவன் குரலை மிதித்துக்கொண்டு துறைமுகம் போகிறது.

இரண்டு நாளாகப் பேச்சில்லை.
தட்டைப் பார்த்துக் குழம்பு ஊற்றுகிறேன்.
லோன் தவணையைச் சொன்னான், சரி.
“மறுத்தா நோட்டீஸ் வரும்” என்றான், அதுவும் சரி.
“டீ ஊத்தறதுதானே” என்று
ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்.

பதினோரு வருஷம் எல்லோரும் பார்த்தது டீ.
பார்க்காதது,
ஒவ்வொரு முறை சக்கரம் தரையைத் தேடும்போதும்
உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து,
நெருப்பென்றால் எந்தப் பக்கம்
தண்ணீரென்றால் எந்தப் பக்கம்
கைக்குழந்தை எந்த வரிசை
உதவிக்கு எந்தத் தோள் என்று
மனசுக்குள் ஓட்டிய அரை நிமிஷம்.
நல்லவேளை, ஒன்றுக்கும் பயன்படாமல் போன
ஆயிரக்கணக்கான அரை நிமிஷம்.
சம்பளம் அதற்கு. டீ இலவசம்.

அன்றைக்கு ஐந்தாவது விமானத்தில்
ஃபௌசியா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
எழுப்பியவர் ஒரு பயணி.
தூங்க நேரம் கேட்டுத்தான் இறங்கினோம்.
தூக்கம் கேட்டவளை இறக்கிவிட்டு
தெரியாதவனை ஏற்றுகிறார்கள்.
பாதுகாப்பில் சமரசமில்லை என்று ஓர் அறிக்கை வேறு.

சனி ராத்திரி கரண்ட் போனது.
எழுந்தவன் தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டான்.
குடிவந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கும் குடம்.
அப்புறம் சுவரிடம் கேட்டான்:
“கைப்பிடியத் தூக்கறதுக்கு முன்ன
என்னவோ பாக்கணும்னாங்களே?”

சொன்னால் நான் கருங்காலி.
(அவன் கழுத்திலும் கருங்காலி மாலை,
நல்லது நடக்குமென்று நானே வாங்கித் தந்தது.)
சொல்லாவிட்டால்
நூற்றி எண்பது பேர்.
ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

“கண்ணாடி” என்றேன்.
“வெளிய பாரு. நெருப்பு தெரிஞ்சா அந்தக் கதவத் தொடாத.
ஜனத்த அடுத்த கதவுக்குத் திருப்பு.”
“எப்படித் திருப்பறது?”
“கத்தி.”
“எனக்குக் கத்த வராதே.”
வராதுதான். தண்ணி லாரி வந்தால் கத்துவது நான்,
குடம் பிடிப்பது இவன்.
“கத்து.”
“இப்பவா?”
“இப்ப.”

முதல் முறை இருமல் மாதிரி வந்தது.
இரண்டாம் முறை பல்லி ஓடியது.
மூன்றாம் முறை
எனக்குத் தெரியாத ஒரு தொண்டையிலிருந்து:
இப்படி வாங்க! பையை விடுங்க! இப்படி வாங்க!

எதிர்வீட்டு அமுதவல்லி கதவைத் திறந்தாள்.
“எங்க தீ?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.
மேல்மாடி, கீழ்மாடி, இருட்டுப் படிக்கட்டில்
செல்போன் வெளிச்சங்கள் இறங்கின.
காஸ் சிலிண்டர் இறங்கியது,
ரேஷன் கார்டு வைத்த சூட்கேஸ் இறங்கியது,
ஸ்கூல் பை, கூண்டோடு ஒரு லவ் பேர்ட்ஸ் ஜோடி.
ஒரு கை காலியாக இல்லை.
திருப்பத்தில் டிவி பெட்டி சிக்கி
முப்பது பேர் அதன் பின்னால் நின்றார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம்.
எங்களுக்குத் தருவது தொண்ணூறு வினாடி.
முந்நூற்றுப் பதினேழில் கடைசி ஆள் இறங்கினார்.

நன்றாகத் திட்டினார்கள். திட்டட்டும்.
குணாளன் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.
“பைய விடுங்கன்னுதானே கத்துனேன்” என்றான்
யாரிடமோ.

போகாதே என்று நான் சொல்லவில்லை,
போகவில்லை என்று அவனும் சொல்லவில்லை.
நாலு மணிக்குச் சட்டையை அவனே தேய்த்துக்கொண்டான்.
தெருமுனையில் திரை போட்ட கம்பெனி வேன்.
கைப்பிடியைத் தொடுமுன்
குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான்.
பிறகுதான் திறந்தான்.

நான் முதல் மெட்ரோவில் போனேன்,
மடியில் கோஷப் பலகை.
கதவுகள் இடப்பக்கம் திறக்கும் என்று
பதிவுசெய்த குரல் சொன்னபோதுதான் கவனித்தேன்,
பலகை தரையில் கிடந்தது,
என் கைகள் தொடைக்கடியில்.